டேப்பில் போட்ட தரவு 20 வருஷம் தாங்குமா?

கேள்வி இதுதான். ஒரு சிறிய நிறுவனத்தில் முடிந்துபோன வேலைகளின் கோப்புகள், வீடியோக்கள், ஸ்கேன்கள் எல்லாம் சேர்ந்து 40 டெராபைட் இருக்கிறது. இனி அடிக்கடி தொடப்போவதில்லை, ஆனால் தூக்கிப் போடவும் முடியாது. கிளவுடில் வைத்தால் மாதாமாதம் பணம் போகிறது. டேப்பில் எழுதி அலமாரியில் வைத்துவிடலாம் என்கிறார் ஒருவர். டேப்பெல்லாம் பூஞ்சை பிடித்துச் சிக்கிக்கொள்ளும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

நாடா தாங்கும். சரியான வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வைத்தால் 30 வருஷம் வரை தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். பழைய டேப்புகளோடு புழங்கிய அளவில் அதை நம்ப எனக்குத் தயக்கமில்லை. அதைப் படிக்கும் டிரைவ் அத்தனை நாள் கிடைக்குமா, எந்த டேப்பில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு யாருக்காவது தெரியுமா, இந்த இரண்டில்தான் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆகவே இருவரும் பாதி சரி. ஆனால் பயப்பட வேண்டிய இடம் பூஞ்சை இல்லை.

டேப் என்றதும் பலருக்கும் நினைவு வருவது பாட்டு கேசட். அதில் நாடாவை ஒரு ரப்பர் உருளை அழுத்திப் பிடித்து இழுக்கும். உருளையில் அழுக்கு சேர்ந்தாலோ ரப்பர் கெட்டாலோ நாடா அதில் சுற்றிக்கொள்ளும். இன்றைய கணினி டேப் டிரைவில் அந்த உருளையே கிடையாது. இரண்டு பக்கச் சுருள்களின் மோட்டார்களே இழுவிசையைச் சமன் செய்து நாடாவை ஓட்டுகின்றன. அப்புறம் இன்னொன்று. பாட்டில் ஒரு நொடி மங்கினால் காது பொறுத்துக்கொள்ளும், சம்பளக் கணக்கில் ஒரு பிட் மாறினால் யாரும் பொறுக்க மாட்டார்கள். அதனால் கணினி டேப் தொடக்கத்திலிருந்தே பிழையை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. 1952-ல் ஐபிஎம் கொண்டுவந்த 726 டிரைவில் 7 தடங்கள் இருந்தன. ஆறு தரவுக்கு, ஏழாவது பிழை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. அதற்கும் முன்பு, 1951-ல் யூனிவாக் கணினி பயன்படுத்தியது பிளாஸ்டிக் நாடாகூட இல்லை, நிக்கல் பூசிய உலோக நாடா.

இன்றைக்கு வாங்கக்கூடியது பெரும்பாலும் எல்டிஓ (LTO) என்ற டேப் வகைதான். 2000-ல் 100 ஜிகாபைட்டோடு தொடங்கிய குடும்பம் அது. 2021-ல் வந்த ஒன்பதாம் தலைமுறையான எல்டிஓ-9 கார்ட்ரிட்ஜ் ஒன்றில் 18 டெராபைட் கொள்ளும். பெட்டியின் மேல் 45 என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது தரவைச் சுருக்கி எழுதினால் கிடைக்கும் என்று அவர்களாக வைத்துக்கொண்ட கணக்கு. வீடியோ, படங்கள் எல்லாம் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, அவற்றை மேலும் சுருக்க முடியாது. 18 என்றே கணக்குப் போடுங்கள்.

அந்தக் கார்ட்ரிட்ஜுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் நம்பகத்தன்மை பற்றிய பேச்சு எளிதாகிவிடும். உள்ளே அரை அங்குல அகலத்தில், 1,035 மீட்டர் நீளத்தில், 5.2 மைக்ரான் தடிமனில் ஒரு நாடா. அந்த அரை அங்குலத்தில் 8,960 தடங்கள், அதாவது ஒரு தடத்துக்கு ஒன்றரை மைக்ரான்கூட முழுதாகக் கிடைக்காது. டிரைவ் ஒரே நேரத்தில் 32 தடங்களை எழுதும். கடைசிவரை போனதும் திரும்பி வந்தபடியே அடுத்த 32. ஒரு கார்ட்ரிட்ஜை நிரப்ப நாடா இப்படி 280 முறை முனைக்கு முனை ஓட வேண்டும், கூட்டினால் ஏறக்குறைய 290 கிலோமீட்டர். முழு வேகமான நொடிக்கு 400 மெகாபைட்டில் எழுதினாலே பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். ஓடும்போது நாடா மேலும் கீழும் லேசாக ஆடும். தடம் மாறிவிடாமல் ஹெட்டை, அதாவது நாடாவைத் தொட்டு எழுதிப் படிக்கும் பாகத்தை, வழிநடத்துவது, தொழிற்சாலையிலேயே நாடாவில் பதித்து அனுப்பும் சர்வோ தடங்கள். இவை உங்கள் தரவு எழுதப்படும் பகுதிகளுக்கு இடையிடையே இருக்கும்.

எழுதும் ஹெட்டுக்குப் பின்னாலேயே படிக்கும் ஹெட் ஒன்று வருகிறது. எழுதிய மறுகணமே அது படித்துப் பார்க்கும். சரியில்லை என்றால் அந்தத் துண்டைச் சற்றுத் தள்ளி மறுபடி எழுதும். சாதாரண ஹார்டு டிஸ்க் இப்படிச் செய்வதில்லை. எழுதிவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடும், அங்கே உண்மையில் என்ன பதிந்தது என்பது நீங்கள் என்றைக்கோ திறக்கும்போதுதான் தெரியும்.

இதற்கு மேல் பிழைதிருத்தக் குறியீடு இருக்கிறது. தரவைச் சதுரமாக அடுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் கூடுதல் பைட்டுகள் சேர்க்கிறார்கள், மேலிருந்து கீழான ஒவ்வொரு வரிசைக்கும் தனியாகச் சேர்க்கிறார்கள். குறுக்கெழுத்துப் புதிரில் இடமிருந்து வலம் வரும் சொல்லில் ஓர் எழுத்து அழிந்துபோனாலும் மேலிருந்து கீழ் வரும் சொல்லை வைத்து அதைக் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா, அந்த மாதிரி. சேர்ந்தாற்போல் இருக்கும் தரவு நாடாவில் பக்கத்துப் பக்கத்தில் எழுதப்படுவதும் இல்லை, தடங்களுக்கு இடையே பிரித்துப் பரப்பப்படும். அதனால் ஒரு கீறல் விழுந்து ஒரு தடத்தில் கொஞ்ச தூரம் முழுதாகப் போனாலும், ஒவ்வொரு சதுரத்திலும் சில பைட்டுகள் மட்டுமே காணாமல் போகும். அவற்றை மீட்டுவிடலாம்.

இதனால் வரும் எண்களைப் பாருங்கள். சாதாரண மேசைக் கணினி ஹார்டு டிஸ்க்கின் விவரத் தாளில், திருத்த முடியாத பிழை 12.5 டெராபைட் படித்தால் ஒன்று என்ற அளவுக்குள் இருக்கும் என்று போட்டிருப்பார்கள். சர்வருக்கான டிஸ்க்கில் அது 125 டெராபைட்டுக்கு ஒன்று. எல்டிஓ-8 டேப்புக்குச் சொல்லப்படும் எண் 1-க்குப் பின்னால் 19 பூஜ்யங்கள் போட்ட பிட்டுகளுக்கு ஒன்று. கணக்குப் போட்டால், ஏறக்குறைய ஒரு லட்சம் எல்டிஓ-8 டேப்புகளை முழுதாகப் படித்தால் ஒரு பிழை. இவை நிறுவனங்கள் சொல்லும் எண்கள், நல்ல டிரைவ், நல்ல அறை, புது நாடா என்ற நிலைக்கானவை. கீழே விழுந்த கார்ட்ரிட்ஜையோ அழுக்கு ஹெட்டையோ இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதைக் கழித்துப் பார்த்தாலும், பதிவு ஊடகமாக டேப் டிஸ்க்கைவிட ஒரு படி மேலேதான் என்பதில் சந்தேகமில்லை.

பின்னே கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது? அதற்கும் காரணம் உண்டு. 1980-களின் கடைசியிலும் 90-களிலும் சிறு அலுவலகங்கள் வாங்கிய டேப்புகள் இந்த வகை அல்ல. 4 மில்லிமீட்டர் டிடிஎஸ், 8 மில்லிமீட்டர் எக்ஸாபைட் போன்றவை வீடியோ, ஆடியோ கேசட் தொழில்நுட்பத்திலிருந்து வந்தவை. சுழலும் உருளையில் ஹெட் இருக்கும், நாடா அதைச் சுற்றி வளைந்து உரசிக்கொண்டு போகும், தடங்கள் சாய்வாக விழும். உருளையின் கோணம் கொஞ்சம் நகர்ந்துவிட்டால் அந்த டிரைவ் எழுதியதை அந்த டிரைவ் மட்டுமே படிக்கும். அது செத்தால் புது டிரைவில் டேப் வெற்றுக் காகிதம். தினமும் ராத்திரி பேக்கப் ஓடும், காலையில் ஒழுங்காக முடிந்தது என்று செய்தி வரும், இது எதுவும் வெளியே தெரியாது. க்யூஐசி என்றொரு வகையில் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே ஒரு இழுவைப் பட்டை ஓடும். வருஷங்கள் போனால் அது தளர்ந்துவிடும் அல்லது அறுந்துவிடும். அந்த டிரைவ்களின் ரப்பர் உருளை காலப்போக்கில் பிசினாக உருகிப்போவதும் உண்டு. இன்று அவற்றைத் திறந்து பார்ப்பவர்கள் முதலில் செய்யும் வேலை அந்தப் பிசினைச் சுரண்டி எடுப்பதுதான்.

இன்னொரு காரணம் வேதியியல். காந்தத் துகள்களை நாடாவில் ஒட்டிவைக்கும் பிசின் 1970-களில் செய்த பல நாடாக்களில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதைந்தது. நாடா ஒட்டும், ஓட்டினால் கிறீச்சிடும், துகள் உதிர்ந்து ஹெட்டில் அப்பிக்கொள்ளும். அப்படிப்பட்டவற்றை 50 டிகிரி செல்சியஸ் அளவில் மணிக்கணக்கில் சூடாக்கி, பிசின் தற்காலிகமாக இறுகியிருக்கும் நேரத்துக்குள் ஒரு முறை ஓட்டிப் பிரதி எடுப்பார்கள். பூஞ்சை, சிக்கல் என்று அந்த இன்னொருவர் சொன்னதில் இருக்கும் உண்மை இதுதான். பிசினைப் பின்னால் மாற்றிவிட்டார்கள். துகளும் மாறிவிட்டது. முன்பு இரும்புக் கலவைத் துகள், அதற்குத் துருப்பிடிக்கும் குணம் உண்டு என்பதால் மேலே பாதுகாப்புப் படலம் போட வேண்டியிருந்தது. எல்டிஓ-7 முதல் பேரியம் ஃபெரைட். அது ஏற்கெனவே ஆக்சைடு, இனிமேல் துருப்பிடிக்க அதில் எதுவும் இல்லை.

வீட்டுக் காந்தம் பட்டு அழிந்துவிடுமா என்று கேட்பவர்களும் உண்டு. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தத்தால் ஒன்றும் ஆகாது. அழிப்பதற்கென்றே செய்த பெரிய காந்தக் கருவியில் வைத்தால் அழியும், அதோடு சர்வோ தடங்களும் அழிந்துவிடும். பிறகு அந்தக் கார்ட்ரிட்ஜில் எழுதவே முடியாது. பழைய டேப்பை அழித்து மறுபடி பயன்படுத்தலாம் என்று அப்படிச் செய்துவிடாதீர்கள்.

கீழே போடுவதுதான் உண்மையான ஆபத்து. எல்டிஓ கார்ட்ரிட்ஜின் மூலையில் ஒரு சின்னக் கதவு இருக்கும். அதைத் திறந்தால் நாடாவின் நுனியில் மாட்டிய ஒரு சிறு உலோக ஊசி தெரியும். டிரைவ் அந்த ஊசியைப் பிடித்துத்தான் நாடாவை வெளியே இழுக்கிறது. மேசை உயரத்திலிருந்து விழுந்தால் அந்த ஊசி இடம் பெயரலாம், சுருளின் ஓரம் நசுங்கலாம். வெளியே பார்க்கப் புதிது போலவே இருக்கும். விழுந்த கார்ட்ரிட்ஜை நேராக டிரைவில் தள்ளாமல், அந்தக் கதவைத் திறந்து ஊசி நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கெட்ட கார்ட்ரிட்ஜ் ஒன்று டிரைவையும் கெடுத்துவிட்டால் அடுத்தடுத்து நல்ல டேப்புகளும் மாட்டும்.

வெப்பம், ஈரம் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. நீண்ட நாள் வைப்பதற்கு 16 முதல் 25 டிகிரி, ஈரப்பதம் 20 முதல் 50 சதவீதம். செங்குத்தாக நிறுத்திப் பெட்டியோடு வையுங்கள். வேறு இடத்திலிருந்து கொண்டுவந்தால் ஒரு நாள் அறையில் வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். நாடா ஈரத்தாலும் சூட்டாலும் அகலத்தில் நுண்ணிய அளவு கூடும், குறையும். ஒன்றரை மைக்ரான் தடத்துக்கு அது பெரிய விஷயம். எல்டிஓ-9 புது கார்ட்ரிட்ஜை முதன்முதல் போடும்போது டிரைவ் இரண்டு மணி நேரம் வரைகூட எடுத்துக்கொண்டு அந்த நாடாவை அளந்து பார்ப்பது இதனால்தான். டிரைவ் செத்துவிட்டது என்று நினைத்து நடுவில் மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள்.

டிரைவுக்குத் தரவை வேகமாகக் கொடுக்க வேண்டும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. சின்னச் சின்னக் கோப்புகளாக லட்சக்கணக்கில் மெதுவான டிஸ்க்கிலிருந்து நேராக அனுப்பினால், டிரைவின் குறைந்தபட்ச வேகத்துக்குக்கூடத் தரவு வந்து சேராது. நாடா நிற்கும், பின்னால் போகும், மறுபடி கிளம்பும். மணிக்கணக்கில் இது நடந்தால் நாடாவும் ஹெட்டும் தேயும். கோப்புகளை முதலில் பெரிய மூட்டைகளாகக் கட்டி, ஒரு வேகமான எஸ்எஸ்டியில் வைத்து, அங்கிருந்து எழுதுங்கள். சுத்தம் செய்யும் கார்ட்ரிட்ஜை டிரைவ் கேட்கும்போது மட்டும் போடுங்கள். வாரம் ஒரு முறை என்று வழக்கம் வைத்துக்கொண்டால் அதுவே ஹெட்டைத் தேய்க்கும்.

இனி நான் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். நாசா 1966, 67-ல் நிலவைச் சுற்றிப் படமெடுக்க ஐந்து லூனார் ஆர்பிட்டர் கலங்களை அனுப்பியது. அவை அனுப்பிய படங்களின் சமிக்ஞை பெரிய டேப்புகளில் பதிவானது. டேப்புகள் பிழைத்தன. படிக்க வேண்டிய ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 டிரைவ்கள்தான் உலகத்திலேயே கிட்டத்தட்ட இல்லாமல் போயின. நாசாவில் ஆவணக் காப்பாளராக இருந்த நான்சி எவன்ஸ் பழுதான சிலவற்றைத் தூக்கிப் போட மனமில்லாமல் பல வருஷம் தன் இடத்தில் வைத்திருந்தார். அவற்றை வைத்துக்கொண்டு, நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் மூடிக்கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கடைக் கட்டடத்தில் ஒரு குழு உட்கார்ந்து உதிரிபாகம் தேடி ஓட வைத்தது. 2008-ல் முதல் படம், நிலவின் விளிம்பில் பூமி, மீண்டு வந்தது. 40 வருஷம் கழித்தும் நாடாவில் குறை இல்லை, டிரைவுக்குத்தான் இத்தனை பாடு.

இதற்கு நேர் எதிர் கதையும் நாசாவிலேயே உண்டு. அப்பல்லோ 11 தரையிறங்கியபோது பதிவான மூலத் தொலைக்காட்சிச் சமிக்ஞை டேப்புகளைத் தேடிப் பார்த்து, அவை அழித்து மறுபயன்பாட்டுக்குப் போய்விட்டன என்று 2009-ல் முடிவுக்கு வந்தார்கள். புது டேப் தட்டுப்பாடாக இருந்த காலத்தில் பழையவற்றின் மேலேயே எழுதிவிட்டார்கள். இதிலும் நாடா மேல் குற்றம் சொல்ல முடியாது.

எல்டிஓ விஷயத்தில் தலைமுறைக் கணக்கைக் கவனமாகப் பாருங்கள். எல்டிஓ-7 வரை டிரைவ் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்புகளைப் படிக்கும். எல்டிஓ-8 டிரைவ் 7-ஐ மட்டும் படிக்கும், 9 டிரைவ் 8-ஐ மட்டும். 2025-ல் வந்த எல்டிஓ-10 டிரைவ் தன் டேப்பைத் தவிர எதையும் படிக்காது. விளைவு என்னவென்றால், இன்று எல்டிஓ-9 டேப்பில் எழுதினால் அதைப் படிக்க எல்டிஓ-9 டிரைவ் மட்டுமே வழி. எல்டிஓ-8 டேப்பில் எழுதினால் 8, 9 என்று இரண்டு தலைமுறை டிரைவ்கள் படிக்கும். விற்பனையாளர் இதை எடுத்துச் சொல்ல மாட்டார். 30 வருஷம் தாங்கும் நாடாவை 10 வருஷத்தில் இன்னொரு நாடாவுக்கு மாற்றத்தான் வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.

தயாரிப்பாளர்கள் குறைவு என்பதும் ஒரு பலவீனம். சோனிக்கும் ஃபுஜிஃபிலிமுக்கும் நடந்த காப்புரிமைச் சண்டையில் எல்டிஓ-8 கார்ட்ரிட்ஜ் சந்தையில் கிடைக்காமல் ஆட்கள் காத்திருந்த காலமும் இருந்தது.

சரி, இத்தனை தொல்லை எதற்கு, டிஸ்க்கிலேயே மூன்று பிரதி வைத்தால் போதாதா? 2011 பிப்ரவரியில் ஜிமெயிலில் ஒரு மென்பொருள் புதுப்பிப்பு, கொஞ்சம் பயனர்களின் அஞ்சல்களை அழித்தது. கூகுளிடம் பல தரவு மையங்களில் பிரதிகள் இருந்தன, பிழை எல்லாப் பிரதிகளையும் தொட்டுவிட்டது. டேப்புகள் மட்டும் இணைப்பில் இல்லாததால் தப்பின, அவற்றிலிருந்துதான் மீட்டார்கள். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கும் இதே நியாயம். அலமாரியில் இருக்கும் கார்ட்ரிட்ஜை எந்த வைரஸும் பூட்ட முடியாது. நான் டேப்பைப் பரிந்துரைக்க முதல் காரணம் இதுதான், விலையெல்லாம் அப்புறம். எழுதி முடித்ததும் கார்ட்ரிட்ஜின் ஓரத்தில் இருக்கும் சின்ன விசையை நகர்த்தி எழுதத் தடை போட்டுவிடுங்கள்.

கேட்டலாக் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஓர் அலுவலகத்தில் பார்த்தேன். டேப்புகள் எல்லாம் அருமையான நிலையில் இருந்தன, ஆனால் எந்தக் கோப்பு எந்த டேப்பில் என்று குறித்துவைத்திருந்த பேக்கப் சர்வரே போய்விட்டது. அந்த மென்பொருளின் பதிப்பும் பழையது. ஒவ்வொரு டேப்பையும் முதலிலிருந்து கடைசிவரை ஓட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று அட்டவணை கட்ட வேண்டியதாயிற்று. தரவு கிடைத்தது, ஆனால் அதற்குள் அதைக் கேட்டவருக்குத் தேவையே தீர்ந்துபோயிருந்தது. இதைத் தவிர்க்க எல்டிஎஃப்எஸ் முறையில் எழுதுங்கள். எல்டிஓ-5 காலத்திலிருந்து இருக்கும் முறை அது. கோப்புப் பட்டியல் டேப்பிலேயே இருக்கும், குறிப்பிட்ட நிறுவனத்தின் பேக்கப் மென்பொருள் இல்லாமலே திறக்கலாம்.

குறியாக்கம், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி எழுதுவது, வேண்டுமா என்றால், டேப் கட்டடத்தைவிட்டு வெளியே போகுமென்றால் வேண்டும். 2004 கடைசியில் பேங்க் ஆஃப் அமெரிக்கா அனுப்பிய பேக்கப் டேப்புகள் வழியில் காணாமல் போய், 12 லட்சம் அமெரிக்க அரசு ஊழியர்களின் அட்டை விவரங்கள் அதில் இருந்தன என்று 2005-ல் அறிவிக்க நேர்ந்தது. எல்டிஓ-4 முதல் டிரைவே குறியாக்கம் செய்யும். ஆனால் சாவி தொலைந்தால் டேப்பும் தொலைந்த மாதிரிதான், சாவியைக் காகிதத்தில் அச்சிட்டு வேறொரு இடத்தில் பூட்டி வையுங்கள்.

உங்கள் 40 டெராபைட்டுக்கு வருவோம். 5 அல்லது 6 டெராபைட்தான் என்றால் டேப் வேண்டாம், இரண்டு மூன்று டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள் என்றிருப்பேன். கார்ட்ரிட்ஜ் மலிவு, டிரைவ் மலிவில்லை. 40 என்பது டேப் நியாயமாகத் தொடங்கும் அளவு, அதுவும் வருஷாவருஷம் வளருமென்றால். நானாக இருந்தால் எல்டிஓ-8-ல் (ஒன்றில் 12 டெராபைட்) நான்கு கார்ட்ரிட்ஜ், அதே தரவு இன்னொரு நான்கில், வேறொரு கட்டடத்தில். எழுதும் முன் ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம், அதாவது கோப்பு மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண், எடுத்து, அந்தப் பட்டியலை டேப்பிலும் போட்டு, வெளியே டிஸ்க்கிலும் ஒரு பிரதி வைப்பேன். எழுதி முடித்ததும் முழு டேப்பையும் படித்துச் செக்சம் ஒப்பிடுவேன். முடிந்தால் எழுதிய டிரைவில் அல்ல, இன்னொரு டிரைவில். சேவை நிறுவனத்திடம் ஒரு நாளைக்கு டிரைவைக் கேட்டாவது இதைச் செய்யலாம், அந்த டேப் உங்கள் ஒரு டிரைவுக்கு மட்டும் பழகியதா என்பது அப்போதுதான் தெரியும்.

பிறகு வருஷத்துக்கு ஒரு முறை ஏதோ ஒரு கார்ட்ரிட்ஜை எடுத்து, அதிலிருந்து சில பெரிய கோப்புகளை மீட்டுத் திறந்து பாருங்கள். பேக்கப் மென்பொருள் பச்சையாகக் காட்டுவதையோ "சில விதிவிலக்குகளுடன் முடிந்தது" என்று சொல்வதையோ மீட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கோப்பைத் திறந்து வீடியோ ஓடுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு கார்ட்ரிட்ஜின் மேலும் பார்கோடு மட்டும் ஒட்டினால் போதாது. எந்தத் தலைமுறை, எல்டிஎஃப்எஸ்ஸா, குறியாக்கம் உண்டா, எழுதிய தேதி, உள்ளே எந்த ஆண்டு வேலைகள், இத்தனையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். 15 வருஷம் கழித்து அதைத் திறப்பவர் இப்போது உங்கள் அலுவலகத்தில் வேலைக்கே சேர்ந்திருக்க மாட்டார்.